படகைத் தாங்கும் பலகை

நுழையும்முன்

பழுதுற்ற பொருளைச் சீர்செய்வதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. அது பழுதுற்றதன் காரணத்தை அறியும் ஆராய்ச்சியும் வேண்டும். பழைய மரப்படகொன்றில் மட்கிப்போன இருக்கைப் பலகையைப் புதுப்பிக்கும் தச்சரின் பணி இதற்குச் சிறந்த சான்றாகும். அப்பணியின் அறிவியலையும் படிநிலைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

ஏரிகளிலும் கழிமுகங்களிலும் செல்லும் சிறிய துடுப்புப் படகுகளில், இரு பக்கங்களையும் இணைத்துக் குறுக்காகப் பலகை பொருத்தப்பட்டிருக்கும். துடுப்பு வலிப்பவர் அதன்மேல் அமர்வதால் அதனை இருக்கை என்றே கருதுகிறோம். ஆனால், அமர்வதற்கு இடந்தருவது அதன் பணிகளுள் ஒன்றே. வெளியிலுள்ள நீர் படகின் பக்கங்களை உள்நோக்கி அழுத்துகிறது. உள்ளிருக்கும் சுமையும் அலையின் அசைவும் அவற்றை விரிக்க முயல்கின்றன. இவ்விரு விசைகளையும் எதிர்த்துப் படகின் வடிவம் குலையாமல் காப்பதில் இப்பலகைக்குப் பெரும்பங்கு உண்டு. மரக்கலத்தின் குறுக்கு மரத்தைத் தமிழர் ‘பருமல்’ என்றழைத்தனர். பெருங்கலத்தில் பருமல் ஆற்றும் பணியையே சிறுபடகில் இருக்கைப் பலகை ஆற்றுகிறது. அது மட்கி முறிந்தால் அமர்ந்திருப்பவர் நிலைதடுமாறி விழுவார், படகும் கவிழக்கூடும். முறியாவிடினும், அதன் பிடி தளர்ந்தால் பக்கப் பலகைகளின் இணைப்புகள் நெகிழ்ந்து நீர் உட்புகும்.

மட்குவது ஏன்?

நீரில் கிடப்பதால் மரம் மட்குகிறது என்பது பொதுவான எண்ணம். அஃது முழு உண்மையன்று. மரத்தை மட்கச் செய்பவை பூஞ்சைகள். அவை வளர ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டிற்குக் குறைவாக இருப்பின் அவை பொதுவாக வளர்வதில்லை. மரம் நீரில் முழுவதும் மூழ்கிக் காற்றுப் புகாதிருப்பினும் அவற்றுக்கு வாழ்வில்லை. எப்போதும் நீரிலிருக்கும் அடிப்பலகை உறுதியாக இருக்கும்போதே, நீரைத் தொடாத இருக்கைப் பலகை மட்கிப்போவதற்கு இதுவே காரணம்.

மழைநீரே இருக்கையின் முதற்பகை. உப்புநீர் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கிறது. மழைநீருக்கு அவ்வாற்றல் இல்லை. பலகையின் மேற்பரப்பில் விழும் நீர் வெயிலில் உலர்ந்துவிடும். பலகையின் முனைகள் படகின் பக்கத்தோடு சேரும் இடுக்கில் தங்கும் நீரோ எளிதில் உலர்வதில்லை. மரம் என்பது நுண்குழாய்களின் கட்டினைப் போன்றது. மரத்தின் வெட்டப்பட்ட பகுதியாகிய வெட்டுவாயில் அக்குழாய்கள் திறந்திருப்பதால், அப்பகுதி நீரை விரைந்து உறிஞ்சுகிறது. இதனால் இருக்கைப் பலகை நடுவில் உறுதியாகத் தோன்றினும் முனைகளில் மட்கியிருக்கும்.

தெரிந்து தெளிவோம்

சுவீடன் நாட்டின் ‘வாசா’ என்னும் போர்க்கப்பல் 1628ஆம் ஆண்டு தன் முதற்பயணத்திலேயே ஸ்டாக்ஹோமில் மூழ்கியது. 333 ஆண்டுகள் கழித்து, 1961ஆம் ஆண்டு மேலே கொணரப்பட்டபோதும் அதன் மரவுடல் பெருமளவு சிதையாமல் இருந்தது. ஆக்சிஜன் குறைந்த குளிர்நீரும், மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுக்கள் வாழவியலாத அளவிற்கு உப்புக் குறைந்த பால்டிக் கடலும் அதனைக் காத்தன.

சோதித்தலும் கழற்றுதலும்

வண்ணப்பூச்சு மட்கலை மறைத்துவிடும். ஆதலால், கண்ணை மட்டும் நம்பாமல் கூரிய குத்தூசியால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் ஊசியை எதிர்க்கும். நெம்பினால் நீண்ட சிம்பாகப் பெயரும். மட்கிய மரத்தில் ஊசி எளிதில் இறங்கும். நெம்பினால் குறுந்துண்டுகளாக ஒடியும். பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு அப்பாலும் பரவியிருக்கும் என்பதால், மட்கிய பகுதியைச் சற்று அகலமாகவே நீக்க வேண்டும். பலகையைத் தாங்கும் நீள்சட்டத்தையும் அதனைச் சூழ்ந்த விலாச்சட்டங்களையும் இவ்வாறே சோதித்தல் இன்றியமையாதது.

பழைய பலகையைக் கழற்றும்முன் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. அவ்விடத்தில் படகின் அகலத்தை அளந்து குறித்துக்கொண்டு, இரு பக்கங்களையும் இணைத்துத் தற்காலிகச் சட்டமொன்றைப் பொருத்த வேண்டும். இதனைச் செய்யாவிடில், பிடியிழந்த பக்கங்கள் விரியவோ குறுகவோ கூடும். புதிய பலகை அந்தத் தவறான அளவிற்கே அமைந்துவிடும்.

புதிய பலகை

பழைய பலகையை உடைக்காமல் எடுத்தால் அதுவே வார்ப்பாகப் பயன்படும். முனைகள் உதிர்ந்திருப்பின் மெல்லிய அட்டையைப் பக்கத்தின் வளைவிற்கேற்ப நறுக்கி வார்ப்புச் செய்யலாம். படகின் பக்கங்கள் மேல்நோக்கி விரிந்திருப்பதால், பலகையின் மேல்முகம் கீழ்முகத்தைவிடச் சற்று நீண்டிருக்க வேண்டும். எனவே, பலகையைச் சிறிது நீளமாக அறுத்து, முனைகளைச் சாய்வாக இழைத்து, வைத்துப் பார்த்துப் பார்த்துக் குறைப்பதே தச்சர் வழக்கம்.

நன்கு உலர்ந்த தேக்கு இதற்கு ஏற்றது. அதிலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதியையே தேர்ந்தெடுக்க வேண்டும். எம்மரமாயினும் அதன் வெளிப்புற வெளிறு விரைவில் மட்கும். தாங்கு சட்டத்தின் ஒரு பகுதி மட்டும் பழுதுற்றிருப்பின், அதனை நீக்கிப் புதுத்துண்டைச் சாய்வாக ஒட்டி இணைக்கலாம். அச்சாய்வின் நீளம் மரத்தின் கனத்தைப்போல் எட்டு மடங்கு இருத்தல் நலம். 25 மில்லிமீட்டர் கனமுள்ள சட்டத்திற்கு 200 மில்லிமீட்டர் சாய்வு தேவை. ஒட்டும் பரப்பு மிகுவதால் இணைப்பு வலுப்பெறுகிறது.

மீண்டும் மட்காதிருக்க

பழைய பலகையின் உருவத்தை மட்டும் படியெடுத்தால் அதன் நோயும் உடன்வரும். ஆதலால், பொருத்தும்முன்பே இரு வெட்டுவாய்களிலும் ஆணித் துளைகளிலும் காப்புப்பூச்சினைப் பலமுறை ஊறவிட வேண்டும். பொருத்திய பின்னர் அவ்விடங்களுக்குத் தூரிகை எட்டாது. முனைக்கும் பக்கப் பலகைக்கும் இடையே நீர் வடியவும் காற்று உலவவும் சிறு இடைவெளி விட வேண்டும். துருப்பிடித்துப் பருத்து மரத்தைப் பிளக்கும் இரும்பாணிகளைத் தவிர்த்துச் செம்பு அல்லது வெண்கல ஆணிகளால் விலாச்சட்டங்களோடு இறுக்க வேண்டும். பலகை உறுதியாக அமர்ந்த பின்னரே தற்காலிகச் சட்டத்தை அகற்ற வேண்டும். கரையேற்றிய படகைக் கவிழ்த்து, அடியில் காற்றோட்டம் இருக்குமாறு கட்டைகளின்மேல் வைத்தால் மழைநீர் தங்காது.

மட்கிய இடத்தை மெழுகி வண்ணம் பூசிவிட்டால் படகு ஒரே நாளில் புதிதாகத் தோன்றும். அதனை நம்பி ஏறுவோர் நடுநீரில் இருக்கும்போதுதான் உண்மை வெளிப்படும். பலகையைப் புதுப்பிக்கும் தச்சர், தாம் அறியாத பலருடைய உயிருக்குப் பொறுப்பேற்கிறார். அவர் பூசிய வெட்டுவாயும் விட்ட இடைவெளியும் எவர் கண்ணிலும் படுவதில்லை. எனினும், படகின் ஆயுளை நீட்டிப்பவை அவையே.