தொட்டியில் செங்காந்தள்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் மும்பைக்கும் அந்நியமல்ல. மழைக்காலத்தில் சஹ்யாத்ரி மலைச்சரிவுகளில் தானாகவே பூக்கிறது. மராத்தியர் இதைக் 'கள்லாவி' என்பர். காட்டில் கிழங்கைத் தோண்டினால் அங்கே செடி அழியும். விதையே நல்ல வழி.

விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஜூன் மழைக்கு முன் மணல் கலந்த மண்ணில் 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்கச் சில வாரங்கள், சமயத்தில் மாதங்கள்கூட ஆகும். பூக்க 3, 4 ஆண்டுகள் பொறுக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் கொடி காய்ந்துவிடும். பட்டுப்போயிற்று என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்; கிழங்கு உள்ளே உறங்குகிறது. தண்ணீரை நிறுத்துங்கள். அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

முக்கியமான எச்சரிக்கை: செடி முழுவதும் கொடிய நஞ்சு. கிழங்கையோ விதையையோ சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். குழந்தைகளுக்குப் பூவைக் காட்டுங்கள், தொட விடாதீர்கள்.