மரம் நட்டால் மட்டும் போதுமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எங்கே மரக்கன்று நட்டாலும் முதலில் சொல்லப்படும் காரணம் ஆக்ஸிஜன். காற்றில் ஏற்கெனவே சுமார் 21 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கிறது. தெருவுக்கு நூறு மரம் வைத்தாலும் அந்த அளவு மாறப்போவதில்லை. அரச மரம் இரவிலும் ஆக்ஸிஜன் தரும் என்ற நம்பிக்கையும் தவறு. வெளிச்சமில்லாமல் எந்த இலையும் அதை உண்டாக்காது. இலை காற்றிலிருந்து எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்பதே நமக்கு முக்கியம்.

இலைத்துளை ஒவ்வொன்றையும் இரண்டு காவல் செல்கள் காக்கின்றன. நீர் ஏறி அவை உப்பினால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடிக்கொள்ளும். காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். அதில் ஒரு மூலக்கூறைப் பிடிக்க மரம் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. தெருவைக் குளிர்விப்பதில் நிழலோடு அந்த நீராவிக்கும் பங்குண்டு. நுரையீரலைக் கெடுக்கும் ஓசோனும் அதே துளை வழியாக இலைக்குள் போய் அழிகிறது. ஆனால் இலை ஐசோப்ரீன் என்ற வாயுவையும் வெளிவிடுகிறது. தைல மரம் அதை நிறையவே விடும். சில மரங்கள் விடுவதே இல்லை எனலாம். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக விஞ்ஞானி சி.கே. வர்ஷ்னி 2003இல் சக ஆய்வாளருடன் வெளியிட்ட ஆய்வு, இந்திய மரங்களில் இந்த அளவு இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடுவதைக் காட்டியது. வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் சேரும்போது ஐசோப்ரீன் ஓசோன் உருவாக வழிசெய்கிறது.

அப்படியானால் மரமே வேண்டாமா என்று கேட்கலாம். சி.டி.எச். (சென்னை-திருவள்ளூர்) சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் லாரிகள் கக்கும் புகை இல்லையென்றால் ஐசோப்ரீனால் இந்தக் கேடு வராது, குற்றவாளி புகைதான். அமெரிக்காவின் அட்லாண்டா நகரை ஆராய்ந்து வில்லியம் சாமைடிஸ் குழு 1988இல் சொன்னதும் இதைத்தான்: மரங்கள் விடும் வாயுவைக் கணக்கில் சேர்த்தால், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்காமல் ஓசோனை அடக்குவது கடினம்.

உள்ளூர் மரமாக வைத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. கத்திரி வெயிலில் மண் காய்ந்தால் எந்த மரமும் துளைகளை மூடிக்கொள்ளும். நீராவிக் குளிர்ச்சி குறையும், ஓசோனை உறிஞ்சுவதும் குறையும். ஐசோப்ரீன் விடும் மரமானால் வெப்பம் ஏற ஏற அந்த வாயு கூடும். மிதமான வறட்சிக்கெல்லாம் நிற்காது. அடிமரம் வரை சிமென்ட் பூசிய நடைபாதையில் இதுதான் நடக்கும். மண்ணில் ஈரம் இருந்தால்தான் மரம் வேலை செய்யும் என்பதால், கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு ஏரிகளைக் காப்பதும் மரம் வளர்ப்பதும் ஒரே வேலை. அடுத்த நடுவிழாவில் கன்றுகளை எண்ணுவதற்கு முன், அவை என்ன மரம், மே மாதத்தில் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று உங்கள் வார்டு உறுப்பினரைக் கேளுங்கள்.