கினி பிக்குக்குச் சளியா? கோழி மருந்தைத் தொடாதீர்கள்

நாமக்கல்லிலும் சேலத்திலும் கால்நடை மருந்துக்குப் பஞ்சமே கிடையாது. முட்டைக்கோழிப் பண்ணைகளை நம்பி நடக்கும் சீமை இது. கடையில் போய் "தும்முதுங்க, மூக்கு ஒழுகுது" என்று சொன்னால் போதும், கோழிச் சளிக்கான டைலோசின் கைக்கு வந்துவிடும். கடைக்குப் போக நேரமில்லாதவர்கள், பிள்ளைக்கு வாங்கி மிச்சம் வைத்த அமாக்ஸிசிலின் சிரப்பை எடுக்கிறார்கள். கோழிக்கும் குழந்தைக்கும் நல்லது செய்யும் இந்த இரண்டும் கினி பிக்கின் உயிரை எடுத்துவிடக்கூடியவை. சளியிலிருந்து தேறியிருக்க வேண்டிய பிராணி, மருந்தால் சாகிறது.

ஏன் இந்த மருந்துகள் ஆகாது?

1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு, நோய்க்கிருமி செலுத்திய 8 சுண்டெலிகளில் நான்குக்கு மட்டும் பென்சிலின் கொடுத்தது. மருந்து பெறாத நான்கும் செத்தன. பெற்றவை அவற்றைவிட நெடுநாள் தாக்குப்பிடித்தன. மனித மருத்துவத்தையே மாற்றிய சோதனை அது. அன்று சுண்டெலிக்குப் பதில் கினி பிக்கை எடுத்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம். ஏனெனில் பென்சிலின் கினி பிக்குக்கு நஞ்சாகிறது என்பது 1943இலேயே ஆய்வில் வெளிவந்துவிட்டது.

கினி பிக் புல்லைச் செரிப்பது அதன் பெருங்குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களின் தயவில். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின், டைலோசின் ஆகியவை அந்த நுண்ணுயிர்களை அழிக்கின்றன. காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. முதலில் தீனி நிற்கும், பிறகு வயிற்றுப்போக்கு, சில நாளில் சாவு. வாய்வழி கொடுத்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

மருத்துவர்கள் கினி பிக்கின் சளிக்கு வழக்கமாக எழுதுபவை என்ரோஃப்ளாக்சசின், சல்ஃபா-டிரைமெத்தோபிரிம், டாக்சிசைக்ளின் போன்றவை. "என்ரோஃப்ளாக்சசின் கோழிக் கடையிலேயே இருக்கிறதே" என்று வாங்கிவிட வேண்டாம். கோழிகளுக்குக் குடிநீரில் கலக்கும் 10 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். முக்கால் கிலோ எடையுள்ள பிராணிக்கு அதில் வேண்டியது ஒரு மில்லியின் சிறு பங்குதான். இரண்டு சொட்டு கூடினாலும் அளவு தப்பிவிடும்.

சளி எப்படி வருகிறது?

போர்டெட்டெல்லா பிராங்கிசெப்டிகா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே இரண்டும்தான் முக்கியக் கிருமிகள். முதலாவது, முயலின் மூக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் குடியிருக்கும். நாயிடமும் இருக்கும். முயலும் கினி பிக்கும் ஒரே கூண்டில் விளையாடுவது பார்க்க அழகாக இருந்தாலும், கினி பிக்குக்கு அது வினை. கடைகளில் இரண்டையும் அடுத்தடுத்து அடைத்து வைப்பதால், நோயோடுதான் பல குட்டிகள் வீட்டுக்கு வருகின்றன. புதிதாக வாங்கியதை 2 முதல் 3 வாரம் வேறு அறையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பழையவற்றோடு சேர்ப்பது நல்லது.

கிருமி எப்போதும் இருக்கிறது. அதற்கு வழிவிடுவது நம் வளர்ப்புதான். மூத்திரம் ஊறிய தவிட்டிலிருந்து கிளம்பும் அம்மோனியா மூச்சுக்குழாயின் உட்பூச்சைப் புண்ணாக்கும். உமியிலிருந்தும் மரத்தூளிலிருந்தும் தூசு பறக்கும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்திப் புகை அந்தச் சின்ன நுரையீரலுக்குத் தாங்காது. இந்தப் பிராணிக்கு உகந்த வெப்பம் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். நம் சமவெளியிலோ கத்திரி வெயிலில் 40 டிகிரி தொடுகிறது. தகரக் கூரையடியில் கூண்டு வைப்பது வெப்பத் தாக்குதலுக்கு வழி. ஏர் கூலரை நேராகத் திருப்பி வைப்பதும், மார்கழிப் பனியில் மொட்டைமாடியில் விடுவதும் சளிக்கு வழி.

வைட்டமின் சி-யும் கவனத்துக்குரியது. மனிதரைப் போலவே கினி பிக்கின் உடலும் அதைத் தானாக உருவாக்காது. நலமான பிராணிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மில்லிகிராம் வேண்டும். நோயின்போது 30 முதல் 50 வரை மருத்துவர்கள் கூட்டுவார்கள். தீவனக் குருணையில் சேர்த்த வைட்டமின் சி, அரைத்த சில மாதங்களில் வீணாகிவிடும். தண்ணீரில் கரைத்து வைத்தால் மணிக்கணக்கில் குறையும். குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, சிறு துண்டு கொய்யா அன்றாடம் போதும். தின்னுமானால் நெல்லிக்காயும் கொடுக்கலாம். அடிப்படைத் தீனி எப்போதும் புல்தான். கினிப் புல், கம்பு நேப்பியர் எல்லாம் நம் பக்கம் மாட்டுக்கு வளர்ப்பவைதானே. பூச்சிமருந்து அடிக்காததாகப் பார்த்துக் கழுவிக் கொடுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்?

கினி பிக் இரைப் பிராணி, நோயை மறைத்துக்கொள்ளும். வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை, நோயின்போது தினமும், எடை போடுங்கள். எடை இறங்குவதே முதல் அறிகுறி.

இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்:

• மூக்கிலோ கண்ணிலோ கெட்டியான ஒழுக்கு, கண்ணோரம் ஒட்டிய பீளை
• விலா உள்வாங்க இழுத்து மூச்சுவிடுதல், கரகரப்பு அல்லது சீழ்க்கைச் சத்தம்
• முடி சிலிர்த்து மூலையில் ஒடுங்குதல்
• 12 மணி நேரமாகத் தீனி தொடாமை, புழுக்கை குறைதல்

வாயைத் திறந்து மூச்சுவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இந்தப் பிராணி மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் அமைப்புடையது. வாய் திறக்கிறதென்றால் கடைசிக்கட்டம். சினையாக இருந்தால் இந்த நோயால் கரு கலையவும் வாய்ப்புண்டு.

மருத்துவரிடம் போகும்வரை

வெதுவெதுப்பான, காற்றோட்டமுள்ள, சத்தமில்லாத இடத்தில் தனியாக வையுங்கள். மூக்கை ஈரப் பஞ்சால் துடையுங்கள். விக்ஸ், கற்பூரம், நீலகிரித் தைலம், ஆவி பிடித்தல் எதுவும் வேண்டாம். மூச்சு ஓரளவு சீராக இருந்தால் ஊறவைத்து மசித்த தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சில், வாயின் பக்கவாட்டில், விழுங்க விட்டு விட்டுத் துளித்துளியாகக் கொடுக்கலாம். மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. மூச்சு வாங்கும்போது வற்புறுத்தினால் தீனி நுரையீரலுக்குள் போய்விடும். சிகிச்சை தொடங்கியபின், தும்மல் நின்றதே என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். தொட்டபின் கை கழுவுங்கள். நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் நெருங்க வேண்டாம்.

எங்கே போவது? நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் சிகிச்சைப் பிரிவு உண்டு. சேலம் மாவட்டத்தில் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு கால்நடை மருந்தகங்களிலும் கேட்கலாம். எங்கே போனாலும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: "இது கினி பிக், பென்சிலின் வகை ஆகாது என்கிறார்களே, பார்த்து எழுதுங்க டாக்டர்." நல்ல மருத்துவர் இதைக் கோபமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சட்டம் உங்களுக்குத் தருவது

செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகள், 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தவை. அவற்றில் நாய், பூனை, முயலோடு கினி பிக்கும் செல்லப்பிராணியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கடை, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

நோயுள்ள பிராணியைத் தலையில் கட்டிவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கைகொடுக்கும். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வாங்கிய ஊர் வேறானாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். வழக்கு நிற்பது காகிதத்தில்தான்: ரசீது, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்தி, வாங்கிய அன்றைய வீடியோ, மருத்துவரின் சீட்டு. இறந்துவிட்டால் உடலைக் குளிர்ச்சியாக வைத்து (உறையவிடாமல்) விரைவில் பிரேதப் பரிசோதனை கேளுங்கள்.

மருந்து விஷயத்திலும் சட்டம் தெளிவு. ஆன்டிபயாடிக்கை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. 1984ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, வைத்தியம் பார்க்கப் பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்கே உரிமை. கடை ஊழியர் எவ்வளவு அனுபவசாலியானாலும் மருத்துவர் ஆகமாட்டார்.

கடமையும் உண்டு. வளர்ப்பவர் போதிய தீனி, தண்ணீர், இருப்பிடம் தராவிட்டாலும், அசைய முடியாத கூண்டில் அடைத்தாலும் அதே 1960 சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அத்தனை சொற்பமான தண்டனையை நம்பி எந்தப் பிராணியும் பிழைக்காது. ஆகவே வாங்குவதற்கு முன்பே கினி பிக் பார்க்கும் மருத்துவர் உங்கள் ஊரில் யார் என்று விசாரித்து எண்ணை வாங்கி வையுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.