வயிறு என்ன சொல்கிறது? – 12: வெந்நீரில் கிடைத்த துப்பு

போன வாரம் பேருந்துக் குமட்டலோடு நிறுத்தியிருந்தேன். அது ஊர் வந்து இறங்கினால் தீர்ந்துவிடும். இந்த வாரம் சொல்லப்போகும் வாந்திக்குக் காரணம் தெரியவே பலருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்ட் நகரை ஒட்டி மலைப்பகுதி ஒன்று இருக்கிறது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த குளிர்ச்சியான இடம். அந்தப் பக்கத்து நோயாளிகள் சிலர் ஒரே புகாரோடு திரும்பத் திரும்ப வந்தார்கள். விடிந்ததும் குமட்டல், பிறகு நிற்காத வாந்தி, வயிற்று வலி. குடித்த தண்ணீர்கூடத் தங்காது. குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினால் கொஞ்ச நாள் நன்றாக இருப்பார்கள். சில வாரமோ மாதமோ கழித்து மறுபடி அதே கதை. பரிசோதனைகளில் பிடிபடும்படி ஒன்றும் இல்லை.

துப்பு கிடைத்தது குளியலறையில். வாந்தி வந்துவிட்டால் இவர்களில் பெரும்பாலோர் வெந்நீரைத் தேடி ஓடினார்கள். தோல் சிவக்கச் சிவக்க ஷவருக்கு அடியில் நிற்பார்கள். தண்ணீர் சூடாக இருக்கும்வரை குமட்டல் அடங்கியிருக்கும், ஆறினால் திரும்பிவிடும். உடனே மறுபடி குளியல். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒருவரை ஒருவர் அறியாமல், தனித்தனியே கண்டுபிடித்த கைவைத்தியம் இது.

இன்னொரு ஒற்றுமையும் இருந்தது. எல்லோருமே ஆண்டுக்கணக்கில் கஞ்சா புகைப்பவர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் கஞ்சா வைத்திருந்தால் அபராதத்தோடு விட்டுவிடலாம் என்று 1987-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஜே. எச். ஆலன் உள்ளிட்ட நான்கு மருத்துவர்கள் இதையெல்லாம் கோத்து, 2004-இல் ‘கட்’ என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டார்கள். இதழின் பெயருக்கே ‘குடல்’ என்றுதான் பொருள். 19 பேரில் தொடங்கி, சம்மதம் தராதவர்களையும் வேறு காரணம் இருக்கக்கூடியவர்களையும் கழித்ததில் 9 பேர் மிஞ்சினார்கள். அவர்களோடு முன்பே எழுதப்பட்ட ஒருவரையும் சேர்த்துப் 10 பேர். அந்த ஒருவரை 1996-இல் ‘மனம் சார்ந்த வாந்தி’ என்ற கணக்கில் எழுதியிருந்தார்கள். காரணம் பிடிபடாத நோயை மனசின் தலையில் கட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான் போல.

இந்த வாந்திக்குக் கஞ்சாதான் காரணம் என்றால் நோயாளிகள் நம்ப மறுக்கிறார்கள். அதற்கும் நியாயம் இருக்கிறது. கஞ்சா பசியைக் கிளப்பும், குமட்டலை அடக்கும் என்பது புகைப்பவர்களின் அனுபவம். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சியைச் செயற்கையாகத் தயாரித்து, புற்றுநோய் சிகிச்சையால் வரும் வாந்திக்கு மாத்திரையாகக் கொடுக்க 1985-இல் அமெரிக்க அரசே அனுமதித்தது. அதனால் வாந்தி வந்தால் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறார்கள். எரிகிற அடுப்பில் எண்ணெய்.

மூளையில் வாந்தியை அடக்கும் அதே டிஎச்சி, குடலில் இரைப்பையை மந்தமாக்குகிறது. ஆண்டுக்கணக்கில் அளவு ஏறும்போது மூளையின் ஏற்பிகள் மரத்துப்போய், வயிற்றின் கை ஓங்கிவிடுகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. புகைப்பவர் அத்தனை பேருக்கும் ஏன் வருவதில்லை என்பதற்கு இதில் பதில் இல்லை.

வெந்நீர் விஷயம் இன்னும் சுவாரசியம். சூட்டை உணர்கிற நரம்பு ஏற்பி ஒன்று நம் தோலில் உண்டு. 43 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு விழித்துக்கொள்ளும் அதே ஏற்பி, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினுக்கும் விழிக்கும். வாய் ‘எரிகிறது’ என்று நாம் சொல்வது உவமை அல்ல. நரம்புக்கு இரண்டும் ஒன்றுதான். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் பல அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இப்போது இந்த நோயாளிகளின் வயிற்றில் கேப்சைசின் களிம்பு தடவுகிறார்கள். வெந்நீர் செய்த வேலையை மிளகாய் செய்கிறது. (மிளகாய்ப்பொடியைக் குழைத்து வீட்டில் முயல வேண்டாம், தோல் வெந்துவிடும்.) வழக்கமான ஆன்டன்செட்ரான் ஊசி இவர்களில் பலருக்குக் கேட்பதில்லை. மனநோய்க்குத் தரும் ஹேலோபெரிடால் அதைவிட நன்றாகக் கேட்கிறது. வாந்தியில் நீரும் உப்பும் வற்றி சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அரிதாக உயிரும் போயிருக்கிறது.

நம்மூரில் கன்சல்டிங் அறையில் பையனுக்குப் பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்திருப்பார். “தம்பி, பழக்கம் ஏதாவது உண்டா?” என்று டாக்டர் கேட்டால் என்ன பதில் வரும்? அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “வெந்நீரில் குளித்தால் குறைகிறதா?” என்று தொடங்கலாம். அந்தக் கேள்விக்கு யாரும் பொய் சொல்லத் தேவையில்லை.

அடிலெய்ட் கதைக்கு வருவோம். அந்தப் 10 பேரில் 7 பேர் கஞ்சாவை விட்டார்கள், வாந்தியும் நின்றது. கொஞ்ச காலம் விட்டிருந்த 3 பேருக்குச் சந்தேகம். மறுபடி புகைத்துப் பார்த்தார்கள். மூவருக்கும் வாந்தி திரும்பியது. இருவர் மீண்டும் விட்டுவிட்டுத் தேறினார்கள். மூன்றாமவர் விடவில்லை. கட்டுரை அச்சேறியபோதும் அவர் நோயாளியாகத்தான் இருந்தார்.

(தொடரும்)