சொன்ன பிறகு யார் துணை?

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் உள்ள ஊர் ராஜுரா. அங்கே பழங்குடிச் சிறுமிகள் தங்கிப் படித்த பள்ளி விடுதி ஒன்றில் நடந்த பாலியல் கொடுமை 2019-இல் வெளியே வந்தது. மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் படித்த பிள்ளைகள். விடுதியில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பார்ப்பதற்கென்றே ஒரு மருத்துவர் நியமிக்கப்பட்டிருந்தார். நடந்தது தெரிந்தும் அவர் போலீசுக்குச் சொல்லவில்லை என்று அவர்மீதும் வழக்குப் பதிவானது. மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு, வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடும் குற்றம், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

இதற்கு அடிப்படை, போக்சோ சட்டத்தின் 19, 21 ஆகிய பிரிவுகள். 2012 நவம்பர் 14 முதல் இந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பதினெட்டு வயது நிறையாத ஒருவருக்குப் பாலியல் குற்றம் நேர்ந்தது தெரிந்தாலும், நேரக்கூடும் என்ற அச்சம் எழுந்தாலும், காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ சொல்லியாக வேண்டும். டாக்டர், டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், பெற்ற தாய் என்று யாருக்கும் விலக்கு இல்லை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. சொல்லவில்லை என்பதற்காகக் குழந்தையை மட்டும் தண்டிக்க முடியாது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது, புகார் நிரூபணமாகாமல் போனாலும் வழக்குத் தொடர முடியாது. இந்தக் கடைசிப் பாதுகாப்பு எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? “நமக்கு எதுக்குங்க வம்பு” என்று ஒதுங்குபவர்களில் பலர், சாட்சியைத் தாங்களே தேடித் தர வேண்டும் என்று நம்புகிறார்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை. விசாரிப்பது போலீசின் வேலை.

இப்படிச் சொல்லவைக்கும் சட்டம் முதலில் அமெரிக்காவில் வந்தது. டென்வர் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பேயும் அவருடைய சகாக்களும் 1962-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 71 மருத்துவமனைகளிடம் கேட்டதில் ஓராண்டில் 302 குழந்தைகள் வீட்டில் அடிபட்டு வந்தது தெரிந்தது. அவர்களில் 33 பேர் இறந்துபோனார்கள். எலும்பு முறிந்து வந்த குழந்தையைப் பார்த்த மருத்துவர்கள், பெற்றவர்களே இதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப மறுத்தார்கள் என்பதையும் அந்தக் கட்டுரை சொன்னது. ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் சட்டம் வந்துவிட்டது. அங்கே சட்டத்தைத் தொடங்கிவைத்தது அடிபட்ட குழந்தை. நம் போக்சோ பாலியல் குற்றங்களுக்கு மட்டுமே உரியது. சூடு வைக்கப்பட்டு, பெல்ட்டால் அடிபட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைக்காக எவரும் சொல்லியாக வேண்டும் என்று இதே வலுவோடு கட்டாயப்படுத்தும் பிரிவு நம்மிடம் இல்லை. இது பெரிய குறை.

கட்டாயம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, மத்தியப் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வே பதில். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாக 53 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். மாமா, அண்ணன், ட்யூஷன் சார் என்று குழந்தை பயந்து வாய் மூடுவது அந்தத் தெரிந்த முகத்துக்காகத்தான். அதைக் கண்டும் பெரியவர்கள் வாய் மூடினால் அந்தக் குழந்தைக்கு ஆள் இல்லை.

இந்தச் சட்டம் அதிகம் மாற்றியிருப்பது பள்ளிகளைத்தான். 2021 நவம்பரில் கோவையில் ஒரு மாணவி தற்கொலை செய்துகொண்ட பின், ஆசிரியரோடு, விவரம் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளி முதல்வரும் போக்சோவில் கைதானார். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளிடம் அத்துமீறிய விவகாரத்தில், மூடி மறைக்கப் பார்த்ததாக முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். “ஸ்கூல் பேரு கெட்டுடும்” என்பது நெடுங்காலம் முழுக் காரணமாக இருந்தது. தொல்லை கொடுத்த வாத்தியார் ராஜினாமா செய்வார், அடுத்த ஊரில் அடுத்த பள்ளியில் சேர்ந்துகொள்வார். தாளாளரே சிறைக்குப் போகலாம் என்ற பயம் இந்த வழக்கத்தை அசைத்திருக்கிறது. அந்தப் பயம் நல்லது என்றே நான் நினைக்கிறேன். இன்னும் அதிகமாக வேண்டும்.

ஆனால் அதே பயம் வேறொரு கோணலையும் கொண்டுவந்திருக்கிறது. போலீசுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் உறுதி செய்துகொள்ளப் பார்க்கிறது நிர்வாகம். வகுப்பாசிரியர் கேட்பார், பிறகு தலைமை ஆசிரியர், பிறகு தாளாளர். ஒவ்வொருவரிடமும் குழந்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சில இடங்களில் குற்றம் சாட்டப்பட்டவரையே கூட்டிவந்து எதிரே நிறுத்திக் கேட்கிறார்கள். வாக்குமூலம் எடுக்கும் காவல் அதிகாரியே சீருடையில் வரக் கூடாது, குழந்தைக்கு வசதியான இடத்தில், முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒரு பெண் அதிகாரிதான் கேட்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. போலீசுக்கு இருக்கும் இந்தக் கட்டுப்பாடு பள்ளி நிர்வாகத்தின் உள்விசாரணைக்கு இல்லாமல் போனது என்ன நியாயம்?

இதைவிடச் சிக்கலான இடம் அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவு. பதினாறு, பதினேழு வயதில் வயிற்றில் கருவோடு வரும் பெண்ணைப் பார்க்கும் மருத்துவர் போலீசுக்கு இன்டிமேஷன் அனுப்பியாக வேண்டும். பெண் விரும்பிப் பழகினாளா, வீட்டில் கட்டிவைத்தார்களா, யாராவது பலவந்தம் செய்தார்களா என்ற வேறுபாடு 19-ஆவது பிரிவில் கிடையாது. பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்ற ஒன்று சட்டத்தில் இல்லை. இன்டிமேஷன் போனால் கைதாகப்போவது கணவனோ, காதலனோ, அவளோடு படித்த பையனோ. இது தெரிந்த குடும்பம் என்ன செய்யும்? வயதைக் கூட்டிச் சொல்லும். வேறு ஊருக்குக் கூட்டிப்போகும். கருவைக் கலைக்கத் தகுதி இல்லாதவர்களிடம் போகும். குழந்தையைக் காப்பாற்ற எழுதிய சட்டம், அந்தக் குழந்தையை மருத்துவரிடமிருந்தே விரட்டிவிடுகிறது.

நீதிமன்றங்களுக்கு இது தெரியாமல் இல்லை. வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமாக இருந்ததில்லை என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொல்லி ஒரு வழக்கையே ரத்து செய்தார். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. விருப்பத்தோடு பழகிக் கருவுற்ற சிறுமி கருக்கலைப்புக்கு வந்தால், அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொள்ளும்போது, பெயரும் அடையாளமும் சொல்லாமலே மருத்துவர் தகவல் தரலாம் என்றது. கடமையும் நிறைவேறும், பெண்ணும் சிகிச்சைக்கு வருவாள். நல்ல வழி. ஆனால் ஸ்டேஷனிலிருந்து “பேரு, அட்ரஸ் எங்க டாக்டர்?” என்று போன் வரும்போது அந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்லும் துணிச்சல் எல்லா இளம் மருத்துவர்களுக்கும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு மகப்பேறு பிரிவின் சுவரிலும் சுகாதாரத் துறையின் எழுத்துப்பூர்வமான உத்தரவு தொங்க வேண்டும்.

தாய்மார்களின் நிலை இன்னும் வேதனை. தவறு செய்தவன் கணவனாகவோ அவனுடைய தம்பியாகவோ இருந்தால், அந்த வீட்டின் அரிசியும் வாடகையும் அவன் கையில். சொன்னால் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும், சொல்லாவிட்டால் 21-ஆவது பிரிவு. பெயரைக் காப்பாற்ற மறைத்த தாளாளரையும், போக்கிடம் இல்லாமல் மறைத்த தாயையும் ஒரே தட்டில் வைப்பது நியாயம் இல்லை. அந்தத் தாயைச் சிறைக்கு அனுப்பினால் குழந்தைக்கு மிச்சம் இருந்த ஒரே ஆளும் போய்விடுகிறாள்.

சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதைக் கண் முன்னே வைத்தது மேற்கு வங்கத்து வழக்கு ஒன்று. பதினான்கு வயதில் வீட்டை விட்டுப் போன சிறுமி, அவளைவிடப் பல வயது மூத்த ஆண். வயது இடைவெளியைப் பார்த்தால் இதைச் சம வயதுக் காதல் என்று யாரும் சொல்ல முடியாது, சட்டம் தலையிட்டது சரிதான். ஆனால் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, வளர்ந்து பெரியவளான அந்தப் பெண்ணிடமே கேட்டது. போலீஸ், கோர்ட்டு, அவனை வெளியே கொண்டுவர நடத்திய ஓயாத போராட்டம் ஆகியவைதான் தன்னை அதிகம் வதைத்தன என்பது அவளுடைய பதிலாக இருந்தது. குடும்பம் கைவிட்டது, சமூகம் பழித்தது, சட்ட அமைப்பும் அவளுக்கு உதவவில்லை என்று 2025 மே மாதம் நீதிபதிகள் ஒப்புக்கொண்டு, அவனுக்குத் தண்டனை விதிக்காமல் விட்டார்கள்.

சொல்லும் கடமையை எடுத்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. எடுத்தால் ராஜுரா விடுதிகள் பெருகும். குறை இருப்பது தகவல் போய்ச் சேர்ந்த பிறகு. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விசாரணை முடியும்வரை குழந்தையோடு கூட வந்து, அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குப் புரியும்படி சொல்ல ஒரு துணையாளரை அந்தக் குழு நியமிக்கலாம். இதைக் கட்டாயமாக நடத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போடுவதில் காட்டும் வேகம்தான் துணையாளரை அனுப்புவதில் இல்லை.

“யாருகிட்டயும் சொல்லாதீங்க மிஸ்” என்று ஒரு பிள்ளை அழும்போது டீச்சரால் சரி என்று வாக்குக் கொடுக்க முடியாது. நான் சொல்லியாக வேண்டும், யாரிடம் சொல்வேன், அவர்கள் வந்து என்ன கேட்பார்கள், உன் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று விளக்க முடியும். அந்தக் கடைசிக் கேள்விக்கு டீச்சரிடம் பதில் இருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் துணையாளர்களின் பெயரும் தொடர்பு விவரமும் அடங்கிய பதிவேடு வைத்திருக்க வேண்டும். தலைமை ஆசிரியர்களும் மருத்துவ அலுவலர்களும் அதைக் கேட்டு வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளட்டும். பதிவேடு காலியாக இருந்தால், அதை நிரப்பச் சொல்லி ஆட்சியருக்கு எழுதட்டும்.