“ஒரு கால்தான், டொக்டர்”

தொடர் – 6

சென்ற வாரம் ஈரலோடு நிறுத்தியிருந்தோம். ஈரல் பழுதாகும்வரை பார்த்திருக்காமல், குடி நோயாகிவிட்டதை முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி?

பழுகாமம் போன்ற படுவான்கரை ஊர்களில் இதற்கு ஊரே ஒரு விடை வைத்திருக்கிறது. சந்தியில் சண்டை பிடித்தால், வேலியோரம் விழுந்து கிடந்தால் அவன் குடிகாரன். வட்டைக்குள் நாள் முழுக்க உழைத்துவிட்டு, பொழுதுபட ஒரு கால் போத்தல் எடுத்துச் சத்தமில்லாமல் படுத்துக்கொள்பவர் ‘அளவாக எடுக்கிற மனிசன்’. ஆனால் சண்டைக்காரர் வருடத்தில் இரண்டு நாள் மட்டும் குடிப்பவராக இருக்கலாம். அளவான மனிசனுக்கோ விடிந்ததும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கக் கை உதறலாம்.

அவர் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போனாலும் குடியைச் சொல்லிப் போகமாட்டார். நெஞ்செரிவு, நித்திரையில்லை, மருந்துக்கு அடங்காத பிரஷர் என்றுதான் போவார். வைத்தியர் கேட்டால்தான் குடி வெளியே வரும்.

எப்படிக் கேட்பது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஓடிட்’ வினாக்கொத்து இருக்கிறது. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 புள்ளிகள். 8 வந்தால் கவனிக்கவேண்டும். 20 வந்தால் உடம்பு குடிக்கு அடிமைப்பட்டிருக்கிறதா என்று முழுதாகப் பரிசோதிக்கவேண்டும். இதை உருவாக்க நோர்வே, அவுஸ்திரேலியா, கென்யா, பல்கேரியா, மெக்சிக்கோ, அமெரிக்கா என ஆறு நாடுகளில் ஆட்களைச் சோதித்தார்கள். நம் பக்கத்து நாடு ஒன்றுகூட அதில் இல்லை. அந்தக் குறை இரண்டாவது கேள்வியிலேயே தட்டுப்படும்.

குடிக்கிற நாளில் எத்தனை ‘டிரிங்க்’ என்பது அந்தக் கேள்வி. “ஒரு கால்தான், டொக்டர்” என்பார் நம்மவர். ஒன்று என்று குறித்துக்கொண்டால் புள்ளி 0. ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் மதுசாரம். தவறணையில் வாங்கும் 180 மில்லிலீற்றர் சாராயத்தில், 33 சதவீதக் கணக்குக்கு, ஏறக்குறைய 47 கிராம் இருக்கிறது. ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. அவர் பொய் சொல்லவில்லை, அளவுகோல்தான் வேறு. கசிப்பு என்றால் இந்தக் கணக்கும் நடக்காது. லேபிள் ஒட்டாத போத்தலில் எத்தனை சதவீதம் என்று யாரைக் கேட்பது?

அதனால் அடுத்த கேள்விகளில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். தொடங்கினால் நிறுத்த முடியாமற்போகிறதா? காலையில் ஒரு மிடறு விட்டால்தான் எழும்ப முடிகிறதா? நேற்றிரவு நடந்தது நினைவில்லையா? வீட்டில் யாராவது குறைக்கச் சொன்னார்களா? கடைசிக் கேள்விக்கு மனிசியையும் பக்கத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

நோயை உறுதிசெய்ய அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வகுத்த பதினொரு அறிகுறிகளில், ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்ற கேள்வியே கிடையாது. நினைத்ததைவிடக் கூடக் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, முன்பு ஏறிய அளவு இப்போது ஏறாமற்போவது, வேலையும் வீடும் குலைவது போன்றவைதான் அதில் உண்டு. ஒரு வருடத்துக்குள் இரண்டு இருந்தாலே நோய்; ஆறும் அதற்கு மேலும் என்றால் கடுமை. பழைய பட்டியலில் இருந்த பொலிஸ், வழக்குச் சிக்கலை அந்த ஆண்டு எடுத்துவிட்டு, அடக்கமாட்டாத குடி வேட்கையைச் சேர்த்தார்கள். ஊர் இன்னும் பழைய பட்டியலையே வைத்திருக்கிறது.

இரத்தப் பரிசோதனை துணைக்குத்தான் வரும். ‘ஜி.ஜி.ரி.’ என்ற ஈரல் நொதியம் கூடியிருந்தால் சந்தேகிக்கலாம். ஆனால் கொழுப்பு ஈரலிலும் அது கூடும்.

இத்தனையும் கேட்டபிறகு ஒரு பதில் வரும்: “நான் நினைச்சா விட்டிருவன். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு விரதம் இருக்கக்குள்ள ஒரு சொட்டும் தொடுறதில்லையே.” உண்மைதான், விடுகிறார்கள். கேட்கவேண்டியது விரதத்தின் முதல் மூன்று நாளைப் பற்றி. கை உதறியதா, வியர்த்துக் கொட்டியதா, வலிப்பு வந்ததா, இல்லாத ஆளோடு பேசினாரா? வீட்டில் சிலவேளை அதை அம்மன் வந்ததாக எடுத்திருப்பார்கள். வைத்தியருக்கு அது குடி நின்றதால் மூளை காட்டும் கொந்தளிப்பு. கவனிக்காவிட்டால் உயிரும் போகலாம். அந்த மூன்று நாட்களை அடுத்த வாரம் பார்ப்போம்.