43 மார்க் வாங்கியும் ஃபெயில்! பிளஸ் 2 வீடுகளே, உஷார்!

முதலில் ஒரு கணக்கு. கெமிஸ்ட்ரியில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இரண்டும் முழுசாக வந்தால் 30 கையில் இருக்கிறது. பாஸாக 35. "இன்னும் அஞ்சு மார்க்தானே, நானே படிச்சு எழுதிடுவேன்" என்கிறதா உங்கள் பிள்ளை? அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருங்கள்.

எழுத்துத் தேர்வில் 70-க்கு 15 தனியாக எடுத்தே ஆக வேண்டும். 14 எடுத்தால், மொத்தம் 44 வந்தாலும் ஃபெயில்தான்!

நிறைய வீடுகளில் இது தெரியாது. பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டிலும் தெரியவில்லை.

அம்மா அப்பா பெங்களூரில் கட்டட வேலை. பையன் பாட்டியோடு. பள்ளி விட்டு பஸ் பிடித்து வீடு சேரவே இருட்டிவிடும். டியூஷனுக்குத் தருமபுரி வரை யார் கூட்டிப்போவது? அதனால் போன்தான் வாத்தியார். ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் பேரன் படிக்கிறான் என்று பாட்டிக்கு ஒரே பெருமை. பொய்யில்லை, படிக்கத்தான் செய்தான். திரையில் ஒருத்தர் போட்டுக்காட்டினார், இவன் பார்த்தான், தலையாட்டினான். புரிந்தும் இருக்கிறது. ஆனால் ஒரு வரிகூட எழுதிப் பார்க்கவில்லை.

எழுத்துத் தேர்வில் 13. மொத்தம் 43.

"நாப்பத்திமூணு எடுத்தும் எப்படிங்கக்கா ஃபெயிலு?" என்று அவன் அம்மா போனில் கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை.

விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. எத்தனாலிலிருந்து டைஎத்தில் ஈதர் தயாரிக்கச் சொன்ன கேள்வி. அடர் கந்தக அமிலம் என்று அழகாக எழுதியிருக்கிறான். வெப்பநிலை இல்லை. விளைபொருள் இடத்தில் எத்தீன்! அதே ஆல்கஹால், அதே அமிலம். 413 கெல்வினில் ஈதர் வரும், 443 கெல்வினில் எத்தீன் வரும். முப்பதே டிகிரி. வீடியோவில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் ஓடும். எழுதி, தப்புப் பண்ணி, சிவப்பு மையில் சுழி வாங்கினால்தான் அந்த முப்பது மண்டையில் ஏறும். அடுத்த பக்கத்தில் ஒரு பி.ஹெச். கணக்கு, மடக்கை வரைக்கும் வந்து அப்படியே நிற்கிறது. வீட்டில் போனில் கால்குலேட்டர் இருந்தது. ஹாலில் ஏது?

துணைத் தேர்வு எழுதிப் பாஸாகிவிட்டான். ஆனால் ஆசைப்பட்ட பி.எஸ்சி. சீட் அதற்குள் போய்விட்டது.

தானே படிப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. தருமபுரி மாவட்டத்தில் நிறையப் பிள்ளைகளுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் சில பேச்சுகள் காதில் விழுந்தால் பயப்படுங்கள்.

"புக் பேக் முடிச்சுட்டேன்." ஒரு மார்க் கேள்வி பதினைந்தும் பாடத்தின் கடைசிப் பக்கத்திலிருந்தே வரும் என்று யார் சொன்னது? உள்ளேயிருந்தும் வரும். 24-ம் 33-ம் கட்டாயக் கேள்விகள், சாய்ஸ் கிடையாது. அங்கே ஒரு கணக்கு வந்து உட்கார்ந்தால் தப்பிக்க வழியே இல்லை.

"இந்தப் பாடம் வராதாம்." யார் சொன்னாராம்? ஏதோ ஒரு முக்கிய வினா லிஸ்ட்! இரண்டு தொகுதி, 15 பாடம். நம் பையன் ஹேலஜன் பக்கமே போகவில்லை. தண்ணீரில் ஃபுளூரைடு அதிகமாகிப் பல்லில் கறை படிந்த ஊர்க்காரன், அதற்காகவே ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வரும் ஊர்க்காரன், ஃபுளூரின் இருக்கும் பாடத்தை விட்டிருக்கிறான். என்னத்தைச் சொல்ல!

"பிளஸ் 1-க்குத்தான் பொதுத்தேர்வே இல்லையே." ஆமாம், 2025-26 முதல் இல்லை. ஆனால் மோல் கணக்கும் கரிம வேதியியலின் அடிப்படையும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. நீட் எழுதப்போகிறவர்கள் இன்னும் உஷார்! அதில் கெமிஸ்ட்ரி மட்டும் 45 கேள்வி, 180 மார்க். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு மார்க் போகும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, தருமபுரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் 1 புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது.

நோட்டைத் திறந்து பாருங்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல் பளிச்சென்று இருந்தால் அதுவும் ஆபத்துதான். பார்த்து எழுதிய நோட்டு அது!

இனி சொல்வது மார்க்கைப் பற்றியில்லை, உயிரைப் பற்றி. வீடியோவைப் பார்த்து வீட்டில் சோதனை செய்ய விடாதீர்கள். கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். அடர் அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், அதுவும் பள்ளி லேபில், வாத்தியார் பக்கத்தில் இருக்கும்போது.

கண்ணு, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய வினாத்தாளை எடு. போனைப் பாட்டியிடம் கொடு. மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுது. பாட்டிக்குக் கெமிஸ்ட்ரி தெரிய வேண்டாம், எத்தனை பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது என்று எண்ணத் தெரிந்தால் போதும்.